படத்தின் பின்பக்கம்

பலெர்மோவில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் முதலில் குருவானவருக்குச் சொல்வார்கள். அடுத்தது அகஸ்ரீனாவுக்கு. வரிசையை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, பெயரைக் கேட்காதீர்கள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்க வேண்டுமே! அதை இந்த ஊரில் அவளை விட்டால் வேறு யார் எழுதுவது? மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி, சைவக்காரர், வேதக்காரர் என்று அவள் பார்ப்பதில்லை. இருபத்தாறு வருடத்தில் நூற்றுப்பதினெட்டு மலர். அத்தனையும் பிரான்காச்சோவில் அவளுடைய வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே அடுக்கியிருக்கின்றன. சாவை அடுக்கி வைத்திருக்கிறாயே என்று யாராவது முகம் சுளித்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"உது சாவில்லை, எழுத்து" என்பாள்.

அவளுடைய கெட்டித்தனம் எதில் என்றால், விடுவதில். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர் அவளுடைய மலரில் 'நண்பர்களைக் கண்டால் நேரம் போவது தெரியாதவர்' ஆவார். வீட்டில் ஒருவரோடும் ஒத்துப்போகாதவர் 'மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்'. பச்சைத் தண்ணீரும் கொடுக்காத கஞ்சன் 'சிக்கனத்தின் அருமை அறிந்தவர்'. சபையில் வாசிக்கும்போது தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், பெஞ்சாதி பிள்ளைகள் கண்ணைத் துடைப்பார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் திருப்தி. "நான் பொய் எழுதமாட்டன். எதை விடுறது எண்டு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்பது அவளுடைய பெருமை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் உழைத்துச் சேர்த்தது.

அவளுக்கு இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, அட்டைக்குக் கொடுக்கும் படத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது. உறவினர்கள் சொல்லும் திகதியை நம்பி நாலைந்து தரம் சூடு கண்டவள் அவள். மற்றது, கடைசிப் பக்கத்தின் அடியில் 'ஆக்கம்: அகஸ்ரீனா, பலெர்மோ' என்று தடித்த எழுத்தில் போடுவது. அந்த வரியை அச்சகக்காரன் சின்னதாக்கினால் அவ்வளவையும் திருப்பி அடிக்கச் சொல்வாள்.

இது அவளுடைய எழுத்துத் தொழில். வயிற்றுக்கான வேலை ஒரேத்தோவில், சிஞ்ஞோரா வியோரிக்காவின் வீட்டில். சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மையார். ஒன்பது வருடமாக அவள்தான் அந்தக் கிழவியைக் குளிக்கவார்த்து, உடுப்பாட்டி, மருந்து கொடுத்து, உதட்டுச்சாயமும் பூசிவிடுகிறாள். ஓம், உதட்டுச்சாயம். தொண்ணூற்று மூன்று வயதிலும் சாயம் பூசாமல் சிஞ்ஞோரா ஜன்னலடிக்கு வரமாட்டார். முதுகு வளையாது, வாயும் வளையாது. ருமேனியாவில் பிறந்து, யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் பதினாறு வயதில் தகப்பனோடு இந்த ஊருக்கு வந்து, பலெர்மோக்காரர் ஒருவரைக் கட்டி, அவரையும் புதைத்துவிட்டுப் பிள்ளை குட்டி இல்லாமல் தனியே இருக்கிறவர். மருந்துக்கடைக்காரனிடமும் பஸ் சாரதியிடமும் அவர் சொல்லும் முதல் வசனம் ஒன்றுதான். "என் அப்பா ஒரு பத்திரிகையாளர்."

தை மாதத்தில் ஒருநாள் அகஸ்ரீனா சமையலறை மேசையில் அண்மையில் செத்த கொட்வின் என்பவருடைய மலரைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோரா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இரண்டு பேரும் கதைப்பது இத்தாலியனில்தான். அகஸ்ரீனாவின் இத்தாலியனுக்குள்ளும் அவள் வளர்ந்த கொழும்புக் கொட்டாஞ்சேனை எட்டிப் பார்க்கும் என்பதால் அவள் வாயில் வந்ததை அவளுடைய பாணியிலேயே சொல்வோம்.

"யார் இவர்? அமைச்சரா?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"இல்லை சிஞ்ஞோரா. கடற்கரைப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவினவர். நல்ல மனிசன்."

"கோப்பை கழுவினவருக்கு இருபத்துநாலு பக்கம். என் அப்பாவுக்குக் கல்லறையில் ஒரு வரி." சிஞ்ஞோரா மலரை மூடி வைத்தார். "பங்குனியில் அவர் இறந்து ஐம்பத்தைந்து வருடம். அவருக்கும் ஒன்று செய். உங்கள் முறைப்படியே செய்."

அகஸ்ரீனாவுக்குத் தலை கால் தெரியவில்லை. பத்திரிகைக்காரன் ஒருவனுடைய வாழ்க்கையை எழுத யார் அவளைக் கேட்டிருக்கிறார்கள்? போதாததற்கு இன்னொரு சேதியும் இருந்தது. புக்கரெஸ்டில் செர்ஜு என்றொரு இளைஞன், மறந்துபோன எழுத்தாளர்களைத் தேடுகிற ஒரு வட்டமாம், ஒரு வருடமாகச் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். பிறந்தநாளுக்குப் பூ அனுப்புகிற அளவுக்கு மரியாதையான பெடியன். பங்குனி நினைவுநாளில் தேவாலயத்தில் ஒப்புக்கொடுக்கும் பூசைக்குத் தானும் நண்பர்களும் வருவதாகவும், மலரில் இருநூறு பிரதி எடுத்துக்கொண்டு போய் அங்கே கொடுப்பதாகவும் சொன்னான். அன்று பின்னேரம் பஸ்ஸில் ஏறியவள் பிரான்காச்சோ வருமட்டும் பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் சொன்னாள். "என்ரை மலர் புக்கரெஸ்டுக்குப் போகுது." பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்கு அறிமுகமே இல்லாத இத்தாலியர்கள்.

வேலை தொடங்கியது. காலையில் சியாகுல்லித் தோட்டத்து மந்தரின் தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுப்பாள், சிஞ்ஞோரா ஒவ்வொரு சுளைக்கும் ஒரு வருடம் சொல்வார். தகப்பன் ஒக்தாவ் தொப்ரியானு, 1903இல் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சட்டம் படிக்கப் போய் அதைப் பாதியில் விட்டவர். ப்ரூத் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரத்தில், கிழமைக்கு மூன்று தரம் வரும் பத்திரிகையில் சந்தை விலை எழுதத் தொடங்கி, முப்பது வயதுக்குள் அதன் ஆசிரியராகிவிட்டார். பிறகு 'அரசியல்'. அந்த ஒரு சொல்லில் சிஞ்ஞோரா பத்து வருடத்தைத் தாண்டிவிடுவார். பச்சைச் சட்டைக்காரரின் இயக்கம், அரசர் காலத்தில் மறியற்சிறை, நாற்பத்தொன்றில் ஜெர்மனிக்கு ஓட்டம், பிறகு இத்தாலி. பலெர்மோவில் கப்பல் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞர். அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

"ஏன் எழுதேல்லை?" என்று அகஸ்ரீனா கேட்டாள்.

"மொழி இல்லாத ஊரில் யாருக்கு எழுதுவது?" என்றார் சிஞ்ஞோரா. அகஸ்ரீனாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. அதைத் தடித்த எழுத்தில் போடவேண்டும் என்று குறித்து வைத்தாள்.

அட்டைப்படத்தில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளிச் சட்டத்துக்குள் இருந்த ஒரே படம். முப்பத்துநாலு வயது, எண்ணெய் வைத்து வாரிய தலை, கழுத்துப்பட்டி, வாய் நிறையச் சிரிப்பு. மற்றப் படங்களில் எல்லாம் மனிதர் தூக்குமரத்துக்குப் போகிறவர் மாதிரி நின்றார். அகஸ்ரீனா சட்டத்தைக் கழற்றி வழக்கம்போலப் படத்தைத் திருப்பினாள். ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது. 'லுப்பு ஸிஸ்மான், புகைப்படக்காரர், பாலத் தெரு, இலக்கம் 6.' அதன் கீழே பென்சிலால் 1937 சித்திரை. திகதி கிடைத்ததே பெரிது என்று கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

மிச்சம் ஒரு கோப்பு, தகப்பனுடைய பத்திரிகைத் துண்டுகள். பச்சை நாடாவால் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரேயொரு கட்டுரையைத்தான் தகப்பனே எடுத்து மகளுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். மற்றதெல்லாம் அரசியல், பெண்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றாராம். அவர் போய் ஐம்பத்தைந்து வருடமாகியும் மகள் நாடாவை அவிழ்க்கவில்லை. இப்போது வாசிக்கிற அளவுக்குக் கண்ணும் தெரியாது.

"நீ அவிழ். வேண்டியதை எடு" என்றார் சிஞ்ஞோரா.

இரண்டு நாள் மத்தியானத்தில், சிஞ்ஞோரா நித்திரை கொள்ளும் நேரத்தில், அகஸ்ரீனா போனைப் பத்திரிகைத் துண்டுகளுக்கு மேலே பிடித்துப் பிடித்து மொழிபெயர்ப்பை வாசித்தாள். ருமேனியனில் பாதி இத்தாலியன் மாதிரித்தான், கொஞ்சம் தானாகவே விளங்கியது. முதலில் அந்த ஒரு கட்டுரை. ஆறு பெருகி நகரத்தின் கீழ்ப்பக்கம் அள்ளுண்டு போனபோது எழுதியது. மூன்று நாள் வள்ளத்தில் திரிந்து, வீடு வீடாகப் பார்த்து, நாற்பது வீட்டாரின் பெயரையும் தெருவையும் வாசல் இலக்கத்தையும் போட்டு, ஒவ்வொருவரும் இழந்ததை ஒரு வரியில் எழுதியிருந்தார். கைம்பெண் ஒருத்தியின் தையல் மெஷின். ஒரு குடும்பத்தின் ஏழு கோழி. 'கொடுக்க விரும்புகிறவர்கள் நேரே இந்த வாசலுக்குப் போங்கள்' என்று முடித்திருந்தார். மேசையில் இருந்தபடியே அகஸ்ரீனா அழுதாள். பொறாமையும்தான். நூற்றுப்பதினெட்டு மலர் எழுதியும் இப்படி ஒரு பக்கம் தனக்கு வரவில்லையே என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் கோப்பின் அடியில் அதே அளவில் இன்னொரு துண்டு வந்தது. 1937 ஒக்டோபர். தலைப்பு 'நாம் யாரிடம் வாங்குகிறோம்?' அதே கை, அதே ஒழுங்கு. பெயர், தெரு, வாசல் இலக்கம், தொழில். இருபத்திரண்டு பேர். எல்லாரும் யூதர்கள். ரொட்டிக்கடை, சப்பாத்துக்கடை, பல் வைத்தியர். அடியில் ஒரு வரி: 'வாசகர்கள் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.'

ஐந்தாவதாக இருந்தது, பாலத் தெரு, இலக்கம் 6, புகைப்படக்காரர் ஸிஸ்மான்.

அகஸ்ரீனா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் தகப்பன் இராஜநாயகத்துக்கு ஒரு தையற்கடை. வந்தவர்கள் பதினைந்தாம் இலக்கத்தைத் தொடவில்லை, பத்தொன்பதையும் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி இவர்களைத் தன் அறையில் போட்டுப் பூட்டியிருந்தாள். கதவிடுக்கால் அகஸ்ரீனா பார்த்தாள். முன்னுக்கு நின்றவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்து வாசித்தான். பதினேழு, தையற்கடை. வெட்டுமேசைக்கு அடியில் ஒளிந்திருந்த, கடையில் வேலைசெய்த ஏர்னஸ்ற், அவளுக்குச் சட்டைத் துண்டில் பொம்மை தைத்துக் கொடுத்தவன், வெளியே வரவில்லை. கடை எரிந்து முடிந்தபிறகும் வரவில்லை. இவளுடைய குடும்பம் அகதிக் கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்தது. தீ வைத்தவனின் முகம் நாளாவட்டத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. மறக்காதது அந்தத் தாள். அதை யாரோ ஒருவன் மேசையில் இருந்து, அவசரப்படாமல், வடிவான கையெழுத்தில் எழுதியிருக்கிறான். அவனுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும், மகள் ஒருத்தி இருந்திருப்பாள் என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு. அப்படி ஒருத்திக்கு ஒன்பது வருடமாகத் தானே மந்தரின் உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைக்கவில்லை.

வீட்டில் மகள் றஜிதாதான் மலர்களைக் கணினியில் வடிவமைப்பவள். தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் தோளைக் குலுக்கினாள்.

"அம்மா, நீங்கள் விடுறதிலதானே கெட்டிக்காரி. அதையும் விடுங்கோ. Basta, முடிஞ்சுது. 'அரசியலில் ஈடுபட்டார்' எண்டு ஒரு வரி. கொட்வின் அங்கிளிட குடியை விடேல்லையோ?"

"கொட்வின் தன்ரை ஈரலைத்தான் கெடுத்தவர்."

"அப்ப எழுதமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னா அந்தப் புக்கரெஸ்ட் பெடியன் எழுதுவான். அவனுக்கு இந்த ஆள் ஏன் வேணும் எண்டு இப்ப எனக்கு விளங்குது. அந்தப் பச்சைச் சட்டைக்காரரைத் திரும்ப வீரராக்கப் பாக்கிறான். அவன் போட்டுக் குடுக்கப்போற படமும் அதுதான், சிரிப்பும் அதுதான்."

நூற்றுப்பதினெட்டு மலருக்கும் பூசி மெழுகின கை. அந்தக் கைக்கு இப்போது வந்த சோதனையைப் பாருங்கள். எழுதினால் வேலை போகும், ஒன்பது வருட உறவும் போகும். விட்டால், அந்தத் தாளை எழுதினவனுக்கு இவளே மாலை போட்டதாக முடியும்.

அடுத்த நாள் அவள் சுற்றி வளைக்கவில்லை. மருந்தைக் கொடுத்து, சாயம் பூசி, கதிரையை ஜன்னலடியில் விட்டு, முன்னால் இருந்து பட்டியலை வாசித்தாள். இருபத்திரண்டு பெயரையும், கடைசி வரியையும். சிஞ்ஞோராவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அது அந்தக் காலம். எல்லாரும் எழுதினார்கள்."

"எல்லாரும் வாசல் இலக்கம் போட்டு எழுதேல்லை, சிஞ்ஞோரா."

"என் அப்பா ஒரு கோழியைக்கூடக் கொன்றதில்லை."

"எங்கட வாசலில வாசிச்சவனும் கையால ஒண்டும் செய்யேல்லை. வாசிச்சவன், அவ்வளவுதான்." பிறகு ஒன்பது வருடமாகச் சொல்லாத கதையை, பதினேழாம் இலக்கத்தை, ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

சிஞ்ஞோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் உன்னை வைத்தேன். என் அப்பாவை விசாரிக்க அல்ல. நாளைக்கு வராதே."

"நாளைக்கு வரேல்லை. ஆனா நாலு மணிக் குளிசையை இண்டைக்கு நான்தான் தருவன்" என்றாள் அகஸ்ரீனா. நாலு மணிமட்டும் இருந்தாள். குளிசையைக் கொடுத்தாள். படத்தைச் சட்டத்துக்குள் போடாமல், முத்திரை மேலே தெரியும்படி சிஞ்ஞோராவின் கைக்கெட்டிய மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் அடித்தது.

"வா" என்றார் சிஞ்ஞோரா. மாற்றாக வந்தவள் உதட்டுச்சாயத்தைப் பல்லில் பூசுகிறாள் என்று ஒரு முறைப்பாடும் வைத்தார்.

அகஸ்ரீனா போனபோது படம் அவருடைய மடியில் கிடந்தது.

"முத்திரை எனக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், அதிலும் தெரியவில்லை. ஆனால் நீ ஸிஸ்மான் என்று வாசித்தாயே, அது மூன்று நாளாகக் காதை விட்டுப் போகவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் கறுப்புத் துணிக்குள் தலையைப் புகுத்திக்கொண்டு பூனை மாதிரிக் கத்தினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைப் பார்த்து அப்பாவும் சிரித்தார்." சிஞ்ஞோராவின் கை படத்தில் ஊர்ந்தது. "அப்பா சிரித்த ஒரே படம் இது. அந்தச் சிரிப்பை வாங்கித் தந்தவர் ஸிஸ்மான். சித்திரையில் படம் எடுத்தார். ஒக்டோபரில் அப்பா அவருடைய வாசலைப் போட்டார்."

அகஸ்ரீனா பக்கத்தில் இருந்தாள்.

"ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்றார் சிஞ்ஞோரா. "தெரியாமல் ஐம்பத்தைந்து வருடம் ஒரு நாடாவை யாராவது அவிழ்க்காமல் இருப்பார்களா? அதற்கு வாசல் இலக்கம் இருக்கும் என்றுதான் தெரியாது." பிறகு முதுகை நிமிர்த்தினார். "எழுது. வெள்ளத்தையும் எழுது, அதையும் எழுது. அப்பாவைக் கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே. என் பெயரில் வரட்டும்."

இரண்டு கிழமை இத்தாலியனில் எழுதினார்கள். அகஸ்ரீனா வாழ்நாளில் இவ்வளவு பாடுபட்டதில்லை. குடிகாரனை நண்பர் திலகமாக்கிய கைக்கு, உள்ளதை உள்ளபடி எழுத ஒரு வசனம் வரவில்லை. 'காலத்தின் போக்கில்' என்று ஒருதரம் எழுதினாள், வெட்டினாள். 'உணர்ச்சி வேகத்தில்' என்று எழுதினாள், அதையும் வெட்டினாள். கோப்பிலிருந்த மற்றத் துண்டுகளையும் சிஞ்ஞோராவின் ஞாபகத்தையும் வைத்துக் கடைசியில் வந்தது இதுதான்: 'அவர் நன்றாக எழுதினார். வெள்ளத்தில் நாற்பது வாசலை எழுதினார், உதவி போய்ச் சேர்ந்தது. 1937 ஒக்டோபரில் இருபத்திரண்டு வாசலை எழுதினார், அந்தக் கிழமையே கண்ணாடிகள் உடைந்தன. யுத்தம் முடிந்தபோது அந்தத் தெருக்களில் அந்தப் பெயர்கள் இல்லை. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததற்கு அவர் காரணம் சொன்னதில்லை, மன்னிப்பும் கேட்டதில்லை.'

எங்கள் மலர்களில் நாலாம் பக்கம் உறவுப் பக்கம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர் நிறைந்து வழியும். சிஞ்ஞோராவுக்கு ஒருவரும் இல்லாததால் அது வெறுமையாகவே கிடந்தது. அந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு பெயரும் போகட்டும் என்று சிஞ்ஞோராவே சொன்னார். பின்னட்டையில் படத்தின் பின்பக்கம், ஊதா முத்திரையோடு. 'ஆக்கம்' என்ற இடத்தை மட்டும் அகஸ்ரீனா ஒருநாள் முழுக்க வெறுமையாக வைத்திருந்தாள். அவளுக்குப் பெயர் போட வெட்கமாக இருந்தது. மறுநாள் றஜிதாவிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். மகள் அதை வாசித்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்தாள், பிறகு தட்டச்சு செய்தாள்.

பூசைக்கு ஆள் வேண்டுமே. ஆள் இல்லாத பூசை என்று ஒன்று அகஸ்ரீனாவின் அகராதியில் இல்லை. தேவாலயப் பங்குத் தமிழரில் ஐம்பது பேரைக் கூட்டிவந்தாள். குகனேஸ்வரி சைவக்காரி, அதனால் பூசைக்கு அல்ல, மண்டபத்துக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டு வந்தாள். செர்ஜுவும் இரண்டு நண்பர்களும் கறுப்புக் கோட்டோடு, பச்சை நாடா கட்டிய பெரிய பூச்செண்டோடு வந்தார்கள். சிஞ்ஞோராவின் கையை முத்தமிட்டார்கள். பூசையில் ஒக்தாவ் தொப்ரியானுவின் பெயர் மட்டும் சொல்லப்பட்டது. அந்த இருபத்திரண்டு பேரும் நம்முடைய சபையார் இல்லை, அவர்களை நம் பூசைக்குள் இழுக்கக் கூடாது என்று இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆகவே மண்டபத்தில்தான் வாசிப்பு.

அகஸ்ரீனா எழுந்து இத்தாலியனில் வாசித்தாள். வெள்ளம் வந்தபோது செர்ஜு தலையை ஆட்டி ரசித்தான். ஒக்டோபர் வந்தபோது மலரைப் புரட்டி நாலாம் பக்கத்தைத் தேடினான். அவள் பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் எழுந்து சிஞ்ஞோராவின் கதிரையடியில் குனிந்தான். நல்ல இத்தாலியன் பேசினான், குரலை உயர்த்தவும் இல்லை.

"அம்மையாரே, உங்கள் மனம் புண்பட வேண்டாம். நாங்கள் இருநூறையும் எடுத்துக்கொள்கிறோம். இந்த ஒரு தாளையும் பின்னட்டையையும் மட்டும் வெட்டிவிடலாம். அவருடைய புகழுக்காகத்தான் சொல்கிறேன்."

"வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவும்தான் எழுதினார்" என்றார் சிஞ்ஞோரா. மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் அவருடைய மகள். எனக்கு அவர் முழுதாக வேண்டும். உங்களுக்கும் வேண்டுமானால் முழுதாகக் கொண்டு போங்கள்."

செர்ஜு நிமிர்ந்தான். நண்பர்களைப் பார்த்தான். மூன்று பேரும் மலரைக் கதிரையில் வைத்துவிட்டுப் பூச்செண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். இருநூறு பிரதியும் பெட்டியோடு அப்படியே இருந்தன. அகஸ்ரீனாவின் மலர் புக்கரெஸ்டுக்குப் போகவில்லை. அவளுக்கு அதில் ஒரு துளி கவலையும் இல்லை, வாழ்நாளில் அவள் அவ்வளவு பெருமையாக நின்றதே இல்லை.

மிச்சப் பெயர்களை வாசித்தாள். இருபத்திரண்டும் முடிந்து மலரை மூடப் போனவளைச் சிஞ்ஞோரா கையால் தடுத்தார்.

"இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசிப் பக்கம். உன் மகள் எனக்குச் சொன்னாள். வாசி."

அகஸ்ரீனா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். இவ்வளவு காலமும் 'அகஸ்ரீனா, பலெர்மோ' என்று இருந்த இடம் அது. "ஆக்கம்: அகஸ்ரீனா" என்று வாசித்தாள். "கொட்டாஞ்சேனை, இலக்கம் 17, தையற்கடை இராஜநாயகத்தின் மகள். அந்தக் கடையில் வெட்டுவேலை செய்த ஏர்னஸ்றின் நினைவோடு."

மண்டபத்தில் ரோல்ஸ் கடித்த சத்தமும் நின்றுவிட்டது. அவளுக்கும் இந்தச் சனத்துக்கும் இருபத்தாறு வருடப் பழக்கம். எத்தனை செத்தவீடு, எத்தனை கலியாணவீடு. எண்பத்துமூன்றில் எந்த வாசல் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தேத்தண்ணிப் பானையடியில் நின்ற குகனேஸ்வரி கையைச் சேலையில் துடைத்தாள்.

"வெள்ளவத்தை" என்றாள். "எண்பத்தாறாம் இலக்கம். எங்கட அய்யாவிட பலசரக்குக் கடை."

பின்வரிசையில் அம்பலவாணர் தடியை ஊன்றி எழுந்தார். வயது எண்பது, எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத மனிதர். "தெகிவளை. நாற்பத்தொண்டு. கடையில்லை, வீடு. அங்கை என்ரை தம்பி இருந்தவன்."

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத சிஞ்ஞோரா அகஸ்ரீனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்ன சொல்கிறார்கள்?"

"வாசல் இலக்கம், சிஞ்ஞோரா."

சிஞ்ஞோரா தன் கையில் இருந்த பிரதியை மடியில் விரித்தார். உறவுப் பக்கத்தை விரலால் தடவி, இருபத்திரண்டு பெயரும் முடிகிற இடத்தை மட்டுக்கட்டி, அதற்குக் கீழே விரலை வைத்தார். "அப்படியானால் எழுது. இங்கே இடம் இருக்கிறது."

அகஸ்ரீனா பேனையை எடுத்தாள். கதிரையின் அருகே முழங்காலில் இருந்து, அவசரப்படாமல், வடிவான கையெழுத்தில் எழுதினாள்.